பித்தளை வளைவில் ஒரு சொட்டு

ஃபோட்டோ கழுவும் டார்க்ரூம் சிங்குக்கு அடியில் பித்தளை பி-டிராப், அதாவது வளைந்த கழிவுக் குழாய். வளைவு முழுக்கப் பச்சைக் களிம்பு. நுனியில் ஒரு சொட்டு இன்று தொங்கிக்கொண்டிருந்தது.

தேய்மானம் இல்லை, படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஃபிக்ஸரின் வேலை. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். செம்பு, பித்தளை பட்டால் வெள்ளி அதில் படியும், செம்பு கரைந்து போகும். குழாய் உள்ளிருந்தே மெலியும்.

அதனால் சிங்க் முதல் டிராப் வரை பிளாஸ்டிக்தான். பிவிசி போதும். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம்.

அடித்தள அறையில் இன்னொரு சிக்கல்: வீட்டின் கழிவுக் குழாய் பெரும்பாலும் சிங்கைவிட உயரத்தில் ஓடும். தண்ணீர் தானாக ஏறாது. மூடிய தொட்டியும் பம்ப்பும் வேண்டும். மேலேறும் குழாயில் செக் வால்வு (ஒருவழி வால்வு) கட்டாயம். அது இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாயில் நின்ற தண்ணீர் தொட்டிக்கே திரும்பும், பம்ப் மறுபடி ஓடும். தொட்டிக்குக் காற்றுக்குழாயும் வேண்டும்.

பிரிண்ட் கழுவும்போது தண்ணீர் விடாமல் ஓடும். பம்ப்பின் கொள்ளளவை அந்த ஓட்டத்துக்குத்தான் கணக்கிட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

தட்டில் மூழ்கிய ஹோஸ் குடிநீர்க் குழாய்க்குள் ரசாயனத்தைப் பின்னிழுக்கலாம். குழாய் முனையில் அதைத் தடுக்கும் வேக்குவம் பிரேக்கர் மாட்டுங்கள்.

பழைய ஃபிக்ஸரை மட்டும் எந்தக் குழாயிலும் ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் நிச்சயமாகக் கூடாது. மூடிய கேனில் சேர்த்து, வெள்ளி பிரிப்பவரிடம் கொடுங்கள்.