பத்து நிமிஷம்தானே, டீச்சர்!

34 வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவன் நான். கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஓடிய ஆள். ஒரு நாளும் லேட் ஆனதில்லை. அப்படிப்பட்டவன், மூன்றரை வயதுப் பேத்தியை நர்சரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு வந்ததும் மாதக்கணக்கில் லேட்டாகப் போனேன். மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். காலை நேரம் முழுக்க எங்கள் இருவர் ராஜ்ஜியம். வழியில் அவள் எறும்பைப் பார்த்து நின்றால் நானும் நிற்பேன். விளையாடத்தானே போகிறாள், அதற்கு என்ன மணி என்பது என் கட்சி.

பள்ளி தொடங்குவது ஒன்பதுக்கு. நாங்கள் போய்ச் சேர்வது 9.10, 9.15. டீச்சரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, "பத்து நிமிஷம்தானே" என்பேன். அவர் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும், "சார், அவசரம் இல்லைன்னா கொஞ்சம் இங்கேயே நின்னு பாருங்க" என்று ஜன்னல் பக்கம் கைகாட்டினார்.

பார்த்தேன். மரக்கட்டைகள் இருந்த மூலையில் மூன்று பிள்ளைகள் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி டிரைவர், ஒருவன் போலீஸ். மூன்றாமவனுக்கு என்ன வேலை என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அவனும் மும்முரமாக இருந்தான். என் பேத்தி பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் நின்றாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கட்டையை எடுத்தாள். "அது எங்களுது." வைத்துவிட்டாள். பையின் வாரைக் கடித்தபடி அப்படியே நின்றாள். ஏழு நிமிடம். வீட்டில் என்னை அதட்டி வேலை வாங்குகிறவள் இவள்தானா என்று இருந்தது எனக்கு.

அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன். டீச்சர்தான் தெளிய வைத்தார். யார் டிரைவர், எது ரோடு என்று பேசி முடித்து ஒரு விளையாட்டைத் தொடங்குவதே அந்த வயதில் பெரிய பாடு. நடுவில் புதிதாக ஒருவர் நுழைந்தால் அது கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். நர்சரிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் கவனித்த வில்லியம் கொர்சாரோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் இதையேதான் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் படித்தேன்: சேர்த்துக்கொள்ள மறுப்பது கெட்ட எண்ணத்தில் அல்ல, நடக்கிற விளையாட்டைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஒன்பது மணிக்கே வந்திருந்தால் என் பேத்திக்கும் அதில் ஒரு வேலை கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், பழைய புத்தி. வருடத்துக்கு 180 பள்ளி நாள் என்று வைத்துக்கொண்டால், தினம் பத்து நிமிடம் 1800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். ஆனால் அந்த 30 மணி நேரம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. தினமும் வாசலிலேயே அவள் வெளி ஆளாக நின்றாளே, அதுதான் உறுத்தியது.

அடுத்த நாள் 8.55-க்குப் போய் நின்றோம். அன்றுதான் கதவோரம் ஒரு பலகை இருப்பதையே பார்த்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படஅட்டை. உள்ளே வரும்போது அவரவர் அட்டையை 'வீடு' பக்கத்திலிருந்து எடுத்துப் 'பள்ளி' பக்கத்தில் ஒட்ட வேண்டும். நாங்கள் வருவதற்குள் தலை எண்ணி முடித்திருப்பார்கள்; இவள் வந்த பிறகு இவளுடையதை டீச்சரே மாற்றிவிடுவாராம். பேத்திக்குக் கொடுத்திருந்த படம் நத்தை. டீச்சர் வேண்டுமென்றே செய்யவில்லை என்று சத்தியம் செய்தார்.

லீவு விஷயத்தில் என் தப்பு இதைவிடப் பெரிது. கண் கசங்கினால் போதும், "சரி, இன்னைக்கு வேண்டாம்" என்று விட்டுவிடுவேன். புதன்கிழமை வீட்டில் இருந்தால் வியாழக்கிழமை அழுகை இரட்டிப்பாகும். ஆகாதா பின்னே? அழுதால் பள்ளி இல்லை என்று நான்தானே கற்றுக்கொடுத்தேன். மாதத்துக்கு இரண்டு நாள்தான் என்று தோன்றும். 20 பள்ளி நாளில் இரண்டு என்றால் பத்தில் ஒரு பங்கு. உடம்பு சரியில்லை என்றால் கதை வேறு. காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் அது திரும்பாமல் இருக்க வேண்டும். வாந்தி, பேதி என்றால் நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். அதற்கு முன்னால் அனுப்புவது மற்ற பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். அழுகை அந்தப் பட்டியலில் இல்லை. இப்போதெல்லாம் ஒரு முத்தம், ஒரு டாட்டா, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறேன். நழுவி ஓடுவதும் இல்லை. அவளிடம் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன்.

கூட்டி வருவதிலும் ஒரு தடவை கோட்டை விட்டேன். மதியம் கண் அசந்து 20 நிமிடம் தாமதம். அவள் அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மற்ற நாற்காலிகளையெல்லாம் கவிழ்த்து அடுக்கியாகிவிட்டது. அந்த வயதில் மணி பார்க்கத் தெரியாது. கதை, அப்புறம் பாட்டு, அப்புறம் செருப்பு, அப்புறம் தாத்தா, இந்த வரிசைதான் அவளுக்கு மணி. செருப்பு போட்டாகிவிட்டது, தாத்தாவைக் காணோம். அடுத்த மூன்று நாள் காலையிலும் ஒரே கேள்வி: "செருப்பு போட்டதும் வந்துடுவியா?"

இப்போது இரவு எட்டுக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம். மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலைப் போராட்டத்தில் பாதி அதிலேயே தீர்ந்தது. மீதி, எறும்புக்கென்று கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புவதில்.

போன மாதம் காய்ச்சல் வந்து நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் உள்ளே நுழைந்ததும், அந்தப் பழைய போலீஸ்காரன் பலகையிலிருந்து நத்தையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"இந்தா. நாலு நாளா இது மட்டும் வீட்லயே இருந்துச்சு."