வால்யூமைச் சின்னதாகவே போடுங்கள்

"அண்ணே, போட்டோ டிரைவ்ல இடமில்லைன்னு வருது, ஆனா வீடியோ டிரைவ்ல மூணு டிபி சும்மா கிடக்கு." மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணும் தம்பி போனில் சொன்னது. நல்ல வைகாசி முகூர்த்த நேரம்.

போய்ப் பார்த்தால், சர்வரை முதலில் அமைத்தவர் இருந்த இடம் மொத்தத்தையும் போட்டோ, வீடியோ, கணக்கு என்று தனித்தனி வால்யூமாக, அதாவது தனி டிரைவாகத் தெரியும் பங்குகளாக, அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார், அதுவும் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் (ஃபைல்களை டிஸ்கில் அடுக்கி வைக்கும் முறை). எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், நடைமுறையில் சுருக்க முடியாது. வீடியோ வால்யூமில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து, அழித்து, சின்னதாகப் போட்டுத் திரும்பக் கொட்ட வேண்டும். கிகாபிட் நெட்வொர்க்கில் 1 டிபி நகரவே இரண்டரை மணி நேரம் ஆகும். முகூர்த்த நேரத்தில் அதில் கை வைக்க எனக்கு மனசில்லை. முடிந்த கல்யாணங்களை வீடியோ டிரைவுக்கு நகர்த்திச் சமாளித்துவிட்டு, முகூர்த்தம் இல்லாத ஆடியில் முழுசாக மாற்றினோம்.

இப்போது அங்கே 4 டிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் முறை. கையில் நிற்பது 12 டிபி. டிஸ்க் கம்பெனி 1000-ஆல் கணக்கிட, சர்வர் 1024-ஆல் வகுப்பதால் 10.9 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் எல்விஎம்மில் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கு போடும் வசதி) ஒரே வால்யூம் குரூப்பாக்கி, அதாவது ஒரே பொதுக் குவியலாக்கி, போட்டோவுக்கும் வீடியோவுக்கும் இப்போதைக்குத் தேவையான அளவு மட்டும் கொடுத்து, மிச்சத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நிறையும்போது 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையை மைனஸ் ஆர் சேர்த்து அடித்தால் வால்யூமோடு ஃபைல் சிஸ்டமும் வளர்ந்துவிடும். சில நொடி வேலை, டிசைனர்கள் ஃபோட்டோஷாப்பை மூடக்கூட வேண்டாம்.

காலி இடத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. ராத்திரி பேக்கப்புக்கு முன்னால் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது வால்யூம் அந்த நொடியில் இருந்த நிலையின் பிடிப்புக்கு, அதிலிருந்துதான் இடம் போகும். அதன் பிறகு மாறுவதன் பழைய வடிவம் அங்கே சேர்ந்துகொண்டே போகும். அந்த இடம் நிறைந்தால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அதனால் பேக்கப் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெய்டு 5 ஒரே ஒரு டிஸ்க் போனால் மட்டும்தான் தாங்கும். தெரியாமல் அழித்த ஃபோல்டரை அது திருப்பித் தராது. தாலி கட்டிய நேரத்தை மறுபடி படமெடுக்க முடியுமா? ஒரு நகல் முதலாளி வீட்டு பீரோவில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வைக்க வைத்திருக்கிறேன்.

அப்புறம், எந்த வால்யூமும் 80 சதவீதம் தாண்டினால் எனக்கு மெயில் வருகிற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்டும் ஓடுகிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாலேயே போட்டோவுக்கு இன்னொரு டிபி சேர்த்துவிட்டேன்.