கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வு: காமிக்ஸ் பைத்தியங்களுக்கு மட்டும்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. காமிக்ஸ் வரைய வேண்டும் என்பதற்காகவே விஷுவல் கம்யூனிகேஷன் கேட்டவன் நான். அதே கிறுக்கோடு அடுத்த வருடம் தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இது. ஸ்டில் லைஃப், ஷேடிங் எல்லாம் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, விட்டுவிடுகிறேன்.

தேர்வில் வரைய வேண்டிய தலைப்பைச் சொன்னதும் தாளில் பெரிதாக ஆரம்பிக்காதீர்கள். முதலில் தீப்பெட்டி அளவில் நாலைந்து கட்டங்கள் போட்டு, எது கறுப்பு, எது வெள்ளை என்று மட்டும் அப்பிப் பாருங்கள். நான் தேறியது இதனால்தான், மற்றதெல்லாம் அப்புறம். காமிக்ஸ் ஓவியர்கள் தினமும் செய்கிற வேலை இது. வசனம் எழுதும் பலூன் எங்கே உட்காரும், கண் எந்தக் கட்டத்திலிருந்து எதற்குத் தாவும் என்பதைக் குட்டிப்படத்திலேயே தீர்த்துவிட்டுத்தான் பென்சிலுக்குப் போவார்கள், அதற்குமேல் மை. அமெரிக்க காமிக்ஸில் மூலப்படத்தை 10க்கு 15 அங்குலத்தில் வரைகிறார்கள். அச்சில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். சுருங்கினாலும் நிற்கிற படம்தான் வேண்டும்.

அம்புலிமாமா சிறுவர் இதழின் ஓவியர் சங்கர் இதே கல்லூரியில் படித்தவர். கையில் வாள், தோளில் வேதாளம் புகுந்த உடல் என்று விக்கிரமாதித்தன் நடந்து வரும் அவருடைய படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள், அப்போதும் தெரியும்.

நான் போன பயிற்சி வகுப்பில் எல்லாம் நேர்மாறு. சந்தை, பேருந்து நிறுத்தம், திருவிழா என்று மூன்று காட்சிகளை மனப்பாடம் செய்ய வேண்டும், எந்தத் தலைப்பு வந்தாலும் அதில் ஒன்றைத் திணிக்க வேண்டும். அதற்கு வாங்கிய காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தேர்வில் வந்த தலைப்பு 'மழை'. என்னோடு படித்தவர்கள் அதே சந்தைக்குக் குடை பிடித்துவிட்டு வந்தார்கள்.

எனக்குக் கைகொடுத்தவர் மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். நாயகனே இல்லாத கட்டத்தில் எதிரே நிற்பவனின் முகமும் மிதக்கிற கையும்தான் கதை சொல்ல வேண்டும். நானும் மழையை வரையவில்லை. பாலத்தடியில் ஒதுங்கிய பைக் ஓட்டிகள், அவர்களில் ஒருவர் மழை விட்டதா என்று பார்க்க உள்ளங்கையை வெளியே நீட்டுகிறார், அவ்வளவுதான்.

பழகிய இடங்களும் ஒரு பழக்கமும்:

- எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம். சோழர் சிற்பங்களில் உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். நடராசர் நகர மாட்டார், நிதானமாக வரையலாம்.
- கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். முகம் வேண்டாம், தூங்கி வழியும் தோள்கள் போதும்.
- மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள். கறுப்பு வெள்ளை இதழ்களாகப் பார்த்து எடுங்கள், வண்ணம் ஓட்டையை மறைத்துவிடும்.
- ரப்பரைத் தொடாதீர்கள். (எனக்குப் பொறுமை கிடையாது. இருப்பவர்கள் தொடலாம்.)

'இது சோறு போடுமா?' என்று வீட்டில் கேட்பார்கள். சென்னையில் காமிக்ஸ் மட்டுமே வரைந்து பிழைப்பது கஷ்டம்தான், பொய் சொல்ல வேண்டாம். ஆனால் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் காட்சிகளை முன்கூட்டியே வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு வேண்டும், குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வேண்டும். ஸ்டோரிபோர்டும் அதே குட்டிக் கட்டங்கள்தானே. அப்பாவிடம் இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன்.

சேர்வதற்குள் தமிழில் பலூன் எழுதிப் பழகுங்கள். கொம்பும் காலும் இரண்டு பக்கமும் இடம் பிடிக்கும், மேலே விசிறி, கீழே சுழி. படத்தை முடித்துவிட்டு வசனத்துக்கு இடம் தேடினால் யாருடைய தலையையாவது மறைக்க வேண்டிவரும். வசனத்தை முதலில் எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் ஆளை நிறுத்துங்கள்.