கறள் பிடிக்கும் இடம்

2025 ஜூன் 7, சனி
1:87 அளவு (உண்மையானதில் 87இல் ஒரு பங்கு) மாதிரி ரயிலின் எண்ணெய்த் தாங்கிப் பெட்டிக்கு நேற்றிரவு கறள் பிடித்ததுபோல் வர்ணப் புள்ளிகள் பூசினேன். காலை வெளிச்சத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பொக்குளிப்பானா?" என்றார். கணக்குப் போட்டேன்: ஒரு மில்லிமீற்றர் புள்ளி உண்மையான பெட்டியில் 8.7 சென்ரிமீற்றர். அது புள்ளியில்லை, ஓட்டை. எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறம் அடித்து மூடிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு
பூசுவதை விட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளம்: சக்கரம் உருளும் மேற்பகுதி பளபளக்கிறது, பக்கவாட்டில் கடும் சாயத் தேநீர் நிறம். உப்புக் காற்றில் இரும்பு படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

நல்ல பாடம் வீட்டு பல்கனியிலேயே இருந்தது. கம்பி வலையின் ஒரு திருகாணி: தலையைச் சுற்றிக் கருகிய சிரட்டை போன்ற பழைய கறள், ஓரத்தில் மட்டும் புதிய செம்மஞ்சள். அங்கிருந்து மழைநீர் வழிந்த தடம், கீழே போகப்போக மெலிந்து சுவரில் மறைகிறது. தண்ணீர் தங்குமிடத்தில் கறள் பிறக்கிறது, வடியும் வழியில் இறங்குகிறது. நான் வானத்திலிருந்து தூவியிருக்கிறேன்!

ஜூன் 10, பொசன் போயா
விடுமுறை. கரும்பழுப்பு அடித்து, காய்ந்ததும் கடற்பஞ்சுத் துண்டால் செம்மஞ்சளை ஒற்றினேன். அதன்மேல் தங்கையின் ஹெயார் ஸ்பிரே இரண்டு தடவை (கேட்டுத்தான் எடுத்தேன்), பிறகு அக்ரிலிக் சாம்பல். அரை மணி நேரம் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்தால், அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து சாம்பல் உரிகிறது. ஆட்கள் ஏறும் ஏணிப்படியிலும் மேல்மூடியின் விளிம்பிலும் மட்டுமே உரித்தேன். கை இன்னும் கேட்டது, அடக்கிக்கொண்டேன்.

திருகாணிகளுக்குக் கீழே ஊசிமுனையளவு எண்ணெய் வர்ணம் வைத்து, டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தேன். சக்கர விளிம்பைப் பளபளப்பாகவே விட்டேன்.

ஜூன் 13, வெள்ளி
மழை. பொறுக்க முடியாமல் மங்கல் வார்னிஷ் அடித்தேன். ஈரக்காற்றில் பெட்டி முழுவதும் திருநீறு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. மூன்று நாள் வேலை! சாப்பிடக்கூட மனமில்லை.

ஜூன் 15, ஞாயிறு
பதினொரு மணிக்கு வெயில். அதே வார்னிஷை மெல்லியதாக இன்னொரு தடவை அடித்ததும் வெளுப்பு கரைந்தது. ஏணிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கடல் உப்புப் படிந்ததுபோல் இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.