அம்மா மைனா என்று நினைத்த சத்தம்

போன வாரம் விடிகாலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டீ போட வந்த அம்மா ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மரத்துலடா இத்தனை மைனா கத்துது?" என்றார். வெளியே ஒரு ஹடீடா பறவை கூட இன்னும் எழவில்லை. அது பறவை இல்லை அம்மா, பூமியைச் சுற்றி வேகமான மின்துகள்கள் நிறைந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டையில் நாசாவின் வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் 2012-இல் பதிவு செய்த பிளாஸ்மா அலை என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

உண்மையில் அது ஒலி இல்லை, மின்காந்த அலை. ஆனால் அதன் அதிர்வெண் சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதால், அப்படியே ஸ்பீக்கரில் விட்டால் போதும். சுருதி ஏறி ஏறி முடியும் குட்டிக் குட்டிக் கீச்சுகள். கோரஸ் என்று பெயர். பூமியின் நள்ளிரவுப் பக்கத்திலிருந்து உள்ளே வரும் எலக்ட்ரான்கள் கிழக்கு நோக்கி நகர்வதால், விடியற்பக்கத்தில்தான் இந்த அலைகள் பலமாக எழுகின்றன. அங்கேயும் விடிகாலைக் கச்சேரிதான்!

எலக்ட்ரான் பூமியின் காந்தப்புலக் கோடு ஒன்றைச் சுற்றிச் சுழன்றபடியே போகும், அலையின் மின்புலமும் அதே பக்கமாகச் சுழலும். இரண்டும் எதிரெதிரே வரும்போது எலக்ட்ரானுக்கு அலையின் அதிர்வெண் கூடித் தெரியும், அது தன் சுழற்சியோடு பொருந்திவிட்டால் அலை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடும். இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? சீட்டு என்றேன். குறைந்த ஆற்றலுள்ள ஏராளமான எலக்ட்ரான்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அலையை வளர்க்கின்றன, சேர்ந்த தொகையை ஏற்கெனவே ஓரளவு வசதியான சில எலக்ட்ரான்கள் எடுத்துக்கொண்டு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலைத் தாண்டிவிடுகின்றன. செயற்கைக்கோளின் உள்ளே புகுந்து மின்னேற்றம் சேர்த்து அதைக் கெடுப்பவை இவைதான்.

1958-இல் எக்ஸ்ப்ளோரர் 1 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் ஜேம்ஸ் வான் ஆலன் வைத்த, கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவி சில உயரங்களில் பூஜ்யம் காட்டியது. கதிர்வீச்சு இல்லாமல் அல்ல, எண்ண முடியாத அளவுக்கு இருந்ததால். பட்டை இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் அந்த எலக்ட்ரான்களுக்கு வேகம் எங்கே கிடைக்கிறது, வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படும்போதா, பட்டைக்குள்ளேயேவா என்ற வாதம் பல வருடங்கள் ஓடியது. 2012 அக்டோபர் காந்தப்புயலின்போது அதே வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் அளந்ததில் பட்டையின் நடுவிலேயே வேகம் ஏறியது தெரிந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். இதே கோரஸ் வேறு எலக்ட்ரான்களைத் திசைதிருப்பி வளிமண்டலத்தில் கொட்டவும் செய்கிறது. பூமிக்குக் கொஞ்சம் பக்கத்தில் 'ஹிஸ்' என்று இரையும் இன்னொரு அலை அவற்றை மெல்ல மெல்லக் காலி செய்வதால்தான் உள், வெளி என்ற இரண்டு பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது.

டர்பன் கோரஸ் கேட்கும் இடம் இல்லை. அன்டார்க்டிகாவில் நம் நாட்டின் சனே நிலையம் மாதிரி உயர்ந்த அட்சரேகை வேண்டும், டர்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் கொல்லையில் கம்பிச்சுருள் ஆன்டெனா கட்டினேன், மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் வந்தது. லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு இருந்த ஒரு ராத்திரி மட்டும் அது அடங்கி, எங்கோ தூரத்து மின்னல்களின் படபடப்பு தெளிவாகக் கேட்டது. மின்னலின் அலை காந்தக் கோட்டில் ஏறி விண்வெளி வழியே போய் வந்தால் உயர்ந்த சுருதி முந்திக்கொள்ளும், தாழ்ந்தது பிந்தும், விசில் மாதிரி இறங்கும். அதை இன்னும் நான் கேட்டதில்லை. அதற்காக அடுத்த மாதம் கரண்டுக் கம்பியே இல்லாத டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் போகிறேன். புளிச்சாதம் கட்டிக்கொண்டு அம்மாவும் வருகிறாராம்.