கடலைக்கா கேஸும் அப்பாவோட பழைய ஃபைலும்

போன வாரம் எக்ஸாமுக்குப் படிச்சிட்டு இருந்தப்போ ஒரு கேஸ்ல கண்ணு அப்படியே நின்னுடுச்சு. ரெய்னர் எதிர் ஹாம்ப்ரோஸ் பேங்க், லண்டன் அப்பீல் கோர்ட், ரிப்போர்ட்டுல வந்தது 1943ல. அதுல 'கோரமண்டல் கிரவுண்ட்நட்ஸ்'னு இருந்துச்சு. கோரமண்டல்னா நம்ம சோழமண்டலக் கரைதானே, அப்ப இது நம்ம கடலைக்கா. லண்டன் ஜட்ஜுங்க நம்ம பக்கத்துக் கடலைக்காய வச்சு சொன்ன தீர்ப்ப இன்னிக்கும் உலகம் பூரா லா காலேஜ்ல படிச்சிட்டு இருக்காங்க.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில 9 வருஷம் டாக்குமெண்டேஷன் பாத்துட்டு, வேலைய விட்டுட்டு மூணு வருஷ எல்எல்பி சேர்ந்திருக்கேன். இன்டர்நேஷனல் பிசினஸ் டிரான்சாக்‌ஷன்ஸ்னு ஒரு ஆப்ஷனல் பேப்பர், பேரைப் பார்த்ததுமே அதைத்தான் எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன், ஏன்னா 9 வருஷமா என் கையில ஓடின பேப்பர் அத்தனைக்கும் பின்னாடி இருக்கிற சட்டம் அதுதான், அது தெரியாமயே நான் வேலை பார்த்திருக்கேன்.

எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், பத்தித் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நாம பனியன் அனுப்புறோம், பையர் ஹாலந்துல இருக்கார், அவர் பணம் தருவாரானு நமக்குப் பயம், சரக்கு வருமானு அவருக்குப் பயம். அதனால அவரோட பேங்க் நடுவுல வந்து, நீ இன்னின்ன பேப்பர் கொண்டா, நான் பணம் தர்றேன்னு எழுதிக் கொடுக்குது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சரக்க ஏத்திக்கிட்டதுக்குக் கப்பல்காரன் கொடுக்குற பி.எல். (பில் ஆஃப் லேடிங்) இப்படி. இதுக்கு உலகம் பூரா பேங்குங்க வச்சிருக்குற ரூல் யு.சி.பி. 600, பாரிஸ்ல இருக்குற ஐ.சி.சி. (இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் காமர்ஸ்) போட்டது, 2007 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கு, மொத்தம் 39 ஆர்ட்டிகிள். அதுல 5வது ஆர்ட்டிகிள் ஒரே வரிதான், பேங்க் பார்க்கறது பேப்பரை, சரக்கை இல்ல. எனக்கு அந்த ஒரு வரி மனசுல பதியவே ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப கடலைக்காய்க்கு வர்றேன். டென்மார்க் கம்பெனி ஒண்ணுக்காக ஹாம்ப்ரோஸ் பேங்க் எல்.சி. திறந்திருக்கு, அதுல சரக்கு 'கோரமண்டல் கிரவுண்ட்நட்ஸ்'. சரக்க வித்த ரெய்னர் கம்பெனி கொடுத்த இன்வாய்ஸ்லயும் அப்படியேதான் இருக்கு. ஆனா பி.எல்.லுல 'மெஷின்ல தோல் உரிச்ச கடலைப்பருப்பு'னு அடிச்சிருக்காங்க, ஓரத்துல மட்டும் சி.ஆர்.எஸ்.னு மூணு எழுத்து. பேங்க் பணம் தர மாட்டேன்னுடுச்சு, ரெய்னர் கோர்ட்டுக்குப் போச்சு. அந்த வியாபாரத்துல இருக்கிற எவனைக் கேட்டாலும் ரெண்டும் ஒண்ணுதான், சி.ஆர்.எஸ்.னாலே கோரமண்டல்தான்னு சொல்லிடுவான், கோர்ட்டுலயும் சாட்சி அப்படித்தான் சொல்லிச்சு. கீழ்க்கோர்ட்டு ரெய்னர் பக்கம் சொல்லியும் அப்பீல்ல பேங்க்தான் ஜெயிச்சுது. ஜட்ஜ் மெக்கினன் சொன்ன காரணம் என்னன்னா, ஆயிரக்கணக்கான வியாபாரத்துல ஒவ்வொண்ணுக்கும் என்ன பழக்கம், என்ன வார்த்தைனு ஒரு பேங்க்காரன் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு எதிர்பார்க்கவே முடியாது.

இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது அப்பாவோட 2013 ஷிப்மெண்ட். அப்ப அப்பா சின்னதா சொந்தமா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு இருந்தார், 24,000 பீஸ், பீஸ் 2 டாலர் 10 சென்ட், ஹாலந்து பையர். கட்டிங், பவர்டேபிள், செக்கிங் எல்லாம் ராத்திரி பகலா ஓடி, தூத்துக்குடியில ஏத்தி, கப்பல் போயாச்சு. எல்.சி.ல சரக்கு விவரம் 45ஏ-னு ஒரு கட்டத்துல வரும், அதுல 'பாய்ஸ் டி-ஷர்ட்'னு இருந்திருக்கு, நம்ம இன்வாய்ஸ்ல 'கிட்ஸ் டி-ஷர்ட்'. ஸ்டைல் நம்பர் ஒண்ணு, கலர் ஒண்ணு, துணி ஒண்ணு. நம்ம பேங்க்லயும் யாரும் கவனிக்கல. ஹாலந்து பேங்க் டிஸ்க்ரிபன்சி, அதாவது பேப்பர் எல்.சி.யோட ஒத்துப்போகலனு சொல்லிப் பணத்த நிறுத்திடுச்சு, பையர் 8 பர்சென்ட் குறைச்சா ஏத்துக்கறேன்னார், அப்பா வேற வழி தெரியாம ஒத்துக்கிட்டார். 4,032 டாலர், அன்னிக்கு ரேட்டுக்கு ரெண்டரை லட்சம். அடுத்த வருஷம் எக்ஸ்போர்ட்ட விட்டுட்டு, மத்த கம்பெனிக்குக் கூலிக்குச் செஞ்சு கொடுக்குற ஜாப் ஒர்க்குக்கு மாறிட்டார். அந்த ஒரு ஷிப்மெண்ட்தான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கப்புறம் அவர் வெளிநாட்டு பேப்பர்ல கையெழுத்துப் போடவே தயங்கினதப் பார்த்திருக்கேன்.

இன்னிக்கு அந்தக் கடலைக்கா கேஸ் வந்தா அதே தீர்ப்பு வரும்னு சொல்ல முடியாது. யு.சி.பி. 600ல 14வது ஆர்ட்டிகிள் கொஞ்சம் இளகியிருக்கு, இன்வாய்ஸ் தவிர மத்த பேப்பர்ல சரக்கப் பத்திப் பொதுவா எழுதினாலும் போதும், எல்.சி.க்கு முரணா இருக்கக் கூடாது அவ்வளவுதான். ஆனா இன்வாய்ஸ்க்கு அந்தச் சலுகை இல்ல, 18வது ஆர்ட்டிகிள்படி எல்.சி.ல இருக்குற விவரத்தோட ஒத்துப்போகணும். அப்பாவுக்குத் தப்பு நடந்தது சரியா அந்த இடத்துல.

சரக்கப் பார்க்க மாட்டேன்னா ஏமாத்துறவனுக்குக் கொண்டாட்டமாச்சேனு கேப்பீங்க. அதுக்கும் ஒரு கேஸ் இருக்கு, அதுவும் இந்தியாவுல இருந்து போனதுதான். லக்னோவுல இருந்து பிரஷ்ஷுக்கான முடினு சொல்லிப் பெட்டியில மாட்டு முடியையும் குப்பையையும் அடைச்சு அனுப்பிட்டாங்கனு நியூயார்க் கோர்ட்டுக்குப் போச்சு, 1941ல. பேப்பரே மோசடினு பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சா பேங்க்க நிறுத்தலாம்னு அதுல வழி திறந்துச்சு.

இன்னொரு விஷயம் நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது. சரக்கு விற்பனைக்கு வியன்னாவுல 1980ல ஒரு உலக ஒப்பந்தம் போட்டாங்க, சி.ஐ.எஸ்.ஜி.னு சொல்வாங்க, 1988ல நடப்புக்கு வந்துச்சு. இந்தியா அதுல சேரல. சேரலையே, நமக்கென்னனு விட முடியாது. பையர் அனுப்புற பி.ஓ.வோட (பர்ச்சேஸ் ஆர்டர்) பின்பக்கம் பொடி எழுத்துல 'நெதர்லாந்து சட்டம் பொருந்தும்'னு இருந்து, நாம ஒத்துக்கிட்டா, அந்த நாட்டுச் சட்டத்தோட சேர்த்து வியன்னா ஒப்பந்தமும் உள்ள வந்துடும், வேண்டாம்னு தனியா எழுதியிருந்தா ஒழிய. பயப்படவும் வேண்டாம், அதுல விக்கிறவனுக்கும் பாதுகாப்பு இருக்கு. 39வது ஆர்ட்டிகிள்படி சரக்குல குறை இருந்தா பையர் நியாயமான நேரத்துக்குள்ள சொல்லணும், எப்படி இழுத்தாலும் கைக்கு வந்து 2 வருஷம்தான், அப்புறம் குறைனு வர முடியாது. பொடி எழுத்தப் படிங்க, தயவு செஞ்சு படிங்க.

ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட அந்த 2013 ஃபைலக் கேட்டேன். பீரோ மேல இருந்து எடுத்துக் கொடுத்தார், பச்சை கலர் பாக்ஸ் ஃபைல், கிளிப் துருப்பிடிச்சுக் காகிதத்துல கறை. கடலைக்கா கேஸச் சொன்னேன், கதை மாதிரி கேட்டுட்டே இருந்தார். அப்புறம் தேதிய எல்லாம் பார்த்தேன். பேப்பர் கூரியர்ல அந்த ஊர் பேங்க்குக்குக் கிடைச்சது நவம்பர் 12, செவ்வாய். அவங்க டிஸ்க்ரிபன்சினு சொல்லி ஸ்விஃப்ட் (பேங்க்குக்கு பேங்க் அனுப்புற மெசேஜ்) அனுப்பினது 21, வியாழன். விரல் விட்டு எண்ணினேன், சனி ஞாயிறு தள்ளி எண்ணினேன், நடுவுல அந்த ஊர்ல லீவு ஏதும் இருந்துச்சானு பழைய காலண்டரத் தேடிப் பார்த்தேன், இல்ல. 7வது பேங்க் நாள். யு.சி.பி. 16வது ஆர்ட்டிகிள்ல 5 பேங்க் நாளுக்குள்ள சொல்லணும், சொல்லலைன்னா பேப்பர்ல தப்பு இருக்குனு சொல்ற உரிமையே பேங்க்குக்குப் போயிடும்னு தெளிவா இருக்கு. அதாவது இன்வாய்ஸ்ல 'கிட்ஸ்'னு இருந்தும் முழுப் பணத்தக் கேட்டிருக்கலாம்.

அப்பா கண்ணாடியக் கழட்டிட்டு, "இப்பக் கேக்க முடியுமா கண்ணு"ன்னார். நம்ம லிமிடேஷன் சட்டத்துல 3 வருஷம்தாங்கப்பா, எப்பவோ முடிஞ்சுதுன்னேன். கொஞ்ச நேரம் அந்த ஸ்விஃப்ட் காப்பியவே பார்த்துட்டு இருந்தார். எனக்குத்தான் தொண்டை அடைச்சுது.

சாயங்காலம் வெளிய போனவர் சித்தப்பா கம்பெனிக்கு புதுசா வந்த எல்.சி. காப்பியோட வந்தார். "உன்ற சித்தப்பனுக்கு இந்த 5 நாள் கணக்கு தெரியாதாம், ஒரு தடவை பார்த்துச் சொல்லு, அந்த 45ஏ-வ மொதல்ல படி"ன்னார். படிச்சேன், விவரம் சரியா இருந்துச்சு. ஆனா 48வது கட்டத்துல, கப்பல் ஏறி 15 நாளுக்குள்ள பேப்பர் கொடுக்கணும்னு இருந்துச்சு, எல்லாரும் வழக்கமா நினைச்சிட்டு இருக்குற 21 நாள் இல்ல. சிவப்புப் பேனாவுல வட்டம் போட்டு, தேதிய எண்ணி ஓரத்துல எழுதிக் கொடுத்தேன், அப்பா நின்னுக்கிட்டே சித்தப்பாவுக்கு போன் போட்டார்.