இரு கரைக்கும் ஒரு மன்றாட்டு

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நான் ஞானஸ்நானம் பெற்ற சபையும், இப்போது சென்னை வளசரவாக்கத்து வாடகை வீட்டிலிருந்து நடந்து போகிற சபையும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதில் இணைந்தன. இந்தியாவுக்கு வெளியே அந்தத் திருச்சபைக்கு இருக்கிற ஒரே பேராயம் யாழ்ப்பாணம்தான். ஆகவே நாங்கள் இங்கே குடிவந்தபோது மற்றதெல்லாம் புதிதாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகியதாக இருக்கும் என்று நம்பினேன்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்குக் கொஞ்ச காலத்துக்குப் பிறகு வந்தவர்கள் நாங்கள். பறக்கிற நேரம் ஒன்றேகால் மணி இருக்கும். இறங்கிய பிறகுதான் தூரம் தெரிந்தது. வாடகைக்கு வீடு கேட்டால் "இலங்கையா?" என்று ஒரு தயக்கம். அப்புறம் காவல் நிலையத்தில் பதிவு, விசா நீட்டிப்பு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாம் ஒவ்வொன்றாக நடந்தன. அவற்றை இங்கே நீட்டவில்லை.

ஆராதனை முறைமை உண்மையாகவே பழகியதாகத்தான் இருந்தது. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்தில் சமாதானம் கொடுத்தல் எல்லாம் மனப்பாடம். சமாதானம் கொடுக்கும் விதம் எனக்கு எப்போதும் பிடித்தது. கேரளத்துச் சிரியன் சபைகளின் மரபிலிருந்து எடுத்து, 1950-இல் வந்த நம் திருவிருந்து முறைமையில் சேர்த்தார்கள். ஒருவரின் வலது உள்ளங்கையோடு மற்றவரின் வலது உள்ளங்கை சேர, இருவரும் இடது கையால் மூடிக்கொள்வது. புதிதாக உருவான ஒரு சபை, நான்கு மரபுகளிலிருந்து வந்தவர்களை ஒரே பலகையில் உட்கார வைக்க இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டது. வழிபாட்டில் புதுமை என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் இதைத்தான் நினைப்பேன். புரொஜெக்டரும் டிரம்ஸும் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே நம்மவர்கள் புதுமை செய்திருக்கிறார்கள்.

ஆனால் சமாதானம் கொடுத்த கை, ஆராதனை முடிந்ததும் பைக் சாவியைத் தேடப் போய்விடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. பெரிய சபை, அவசர ஊர். இரண்டு வார்த்தை விசாரிப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள். மற்றவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு ஜெபத்தில் "உலக சமாதானத்துக்காக", "நோயாளிகளுக்காக", "பிரயாணம் செய்கிறவர்களுக்காக" என்று வரும். எல்லோரையும் சொல்லி, யாரையும் சொல்லாத ஜெபம் அது. நான் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறேன் என்று தேடிக்கொண்டு நிற்பேன்.

பிறகு ஒருநாள் கொயரில் பாடும் மூத்த அக்கா ஒருவர், "ஊர்ல டீச்சரா இருந்தீங்களாமே, வழிபாட்டுக் குழுவுக்கு வாங்க, எழுத ஆள் இல்ல" என்றார். சென்னை எனக்குத் திறந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

வியாழன் மாலையில் சபை மன்றத்தில் கூடுவோம். திருச்சபை ஆண்டுதோறும் அச்சிடும் அல்மனாக் என்ற நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கருப்பொருளும் வேதபாடங்களும் இருக்கும். அதை நான்கு வாரம் முன்னதாகவே வாசித்துவிடுவோம். முதலில் யாரும் பாட்டைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது ஆயர் வைத்த விதி. நல்ல விதி. பாட்டிலிருந்து ஆரம்பித்தால் பாமாலையா, கீர்த்தனையா, வாலிபர் பாடும் புதுப் பாட்டா என்ற சண்டையிலேயே மாலை போய்விடும். வேதபாடத்தை ஒருவர் சத்தமாக வாசிப்பார். சும்மா இருப்போம். பிறகு ஒரே கேள்வி: இந்த வாரம் யாருடைய ஜெபம் இந்தக் கோவிலில் சொல்லப்படவில்லை?

அந்தக் கேள்வியால் மன்றாட்டு மாறியது. ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளிகள் ஜெபத்தில் வந்தார்கள். நீட் எழுதப் போகிற பிள்ளைகள் வந்தார்கள். காவல் நிலையத்தில் பதிவுக்காகக் காத்திருக்கிறவர்கள் வந்தார்கள். அந்த வரியை எழுதியவள் நான். அதை வாசித்தவர் இலங்கையைப் பார்த்தே இராத ஒரு வங்கி ஊழியர். அவர் வாயிலிருந்து அது வந்தபோது, இந்த ஊரில் எனக்கு இடம் இருக்கிறது என்று முதன்முறையாக உணர்ந்தேன்.

எழுதும்போது சில விஷயங்கள் விளங்கின. மன்றாட்டு வரி, ஒரே மூச்சில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சபையார் சொல்லும் மறுமொழி கடைசி வரை ஒன்றாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளைத் தேடுவதிலேயே கவனம் போய்விடும். வாசிக்கிறவர் நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கீபோர்டு அந்த மௌனத்தை நிரப்பக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. மௌனம் வந்தால் ஏதோ தவறிவிட்டது என்று இசைக்கிற தம்பிக்குக் கை துடிக்கும்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உலக ஜெப தினமும் என் பொறுப்பில் வந்தது. ஒவ்வொரு மார்ச் மாதத்தின் முதல் வெள்ளியும் ஒரு நாட்டுப் பெண்கள் எழுதிய வழிபாட்டை உலகமெங்கும் பெண்கள் நடத்துவார்கள். 2024-இல் பாலஸ்தீனக் கிறிஸ்தவப் பெண்கள் எழுதியது. 2025-இல் பசிபிக்கில் உள்ள குக் தீவுகளின் பெண்கள் வேதாகமத்தின் 139-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதியது. பாலஸ்தீனத்துப் பெண்களின் ஜெபத்தை வாசித்த மாலையில், குண்டு விழும் ஊரில் பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்று தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெல்லச் சொன்னார்: "பட்டினப்பாக்கம் கடற்கரைச் சீனிவாசபுரத்தில் இருந்தவர்கள் நாங்கள். சுனாமியில் என் தங்கச்சியின் பிள்ளை போய்விட்டது. மகள் வீட்டோடு இந்தப் பக்கம் வந்து பல வருடமாகிறது. இந்தச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை."

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை எங்கள் கரைக்கும் வந்தது, இந்தக் கரைக்கும் வந்தது. இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர். மருதங்கேணியில் படிப்பித்துக்கொண்டிருந்த என் தோழியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்த அக்காவும் நானும் கைபிடித்துக்கொண்டு இருந்தோம். அவர் சென்னைக்காரர், நான் வந்தவள் என்ற எண்ணமே அன்று எழவில்லை.

இருபதாம் ஆண்டு வந்தபோது, 2024 டிசம்பர் 26 மாலையில் ஒரு புலம்பல் வழிபாடு வைக்கலாம் என்று குழுவில் கேட்டேன். உடனே எதிர்ப்பு. "கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாளே ஒப்பாரியா டீச்சர்?" என்றார் கமிட்டிப் பெரியவர் ஒருவர். அவர் கேட்டதில் குரோதம் இல்லை. வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் நாள்.

"ஐயா, மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றேன். சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் கொண்டுவந்த அதே அதிகாரத்தில், பாலகன் இயேசு எகிப்துக்கு அகதியாகப் போகிறார். ராகேல் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் வேண்டாம் என்கிறாள். திருச்சபை நாட்காட்டியிலும் டிசம்பர் 26 கல்லெறியுண்டு இறந்த ஸ்தேவானின் நாள், 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். கிறிஸ்மஸைக் கண்ணீரோடு சேர்த்து வைத்தவர்கள் முன்னோர்கள்தான். பெரியவர் வேதாகமத்தை எடுத்து வாசித்தார். "சரி, ஆனா சின்னதா வைங்க" என்றார்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் துதிக்கு நேரம் இருக்கிறது, சாட்சிக்கு நேரம் இருக்கிறது, அழுவதற்கு இல்லை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள். 88-ஆம் சங்கீதம் நன்றியில்லாமல், விடை இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. "அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை" என்பதைப் புதுவருட வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்துச் சுவரில் மாட்டுகிறோம். அது புலம்பல் புத்தகத்தின் நட்டநடுவில் வருகிறது. முன்னும் பின்னும் எரிந்துபோன ஒரு நகரத்தின் அழுகை. அந்த அழுகையை வெட்டிவிட்டு வசனத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். இழந்தவர்கள் கோவிலுக்கு வந்தும் முகத்தைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இது எனக்கு வலிக்கிறது.

புலம்பல் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய அகரவரிசைப்படி எழுதப்பட்டவை. 22 எழுத்து, எழுத்துக்கு ஒரு வசனம். மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்று, ஆக 66. துக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சொல்லித் தீர்க்கிற முறை. நாமும் அப்படிச் செய்வோமே என்று கொயர் அக்கா சொன்னார். ஆத்திசூடி படித்தவர்களுக்கு அகரவரிசை புதிதா? உயிரெழுத்து பன்னிரண்டுக்கும் பன்னிரண்டு வரி. கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆகமன காலத்துச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் மன்றத்தில் பாய் விரித்து எழுதினோம். சீனிவாசபுரத்து அக்கா, ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ், இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், எங்களோடு ஊரிலிருந்து வந்த ஒரு அம்மம்மா. 2015 வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்க இழந்த ஒரு குடும்பமும் வந்தது.

அ-வுக்கான வரியை அந்த அக்காவே சொன்னார்: "அலை வந்த காலையில் நீர் எங்கே இருந்தீர் ஆண்டவரே?" கல்லூரிப் பிள்ளைகள் எழுத மறந்து அவரைப் பார்த்தார்கள். ஆண்டவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கேட்கலாம், சங்கீதக்காரன் கேட்டிருக்கிறான் என்றேன். இ-வுக்கு, "இரண்டு கரையிலும் ஒரே கடல் எங்களை அடித்தது." ஈ-க்கு, "ஈரச் சேலையோடு ஓடினோம், பிள்ளையின் கை நழுவியது." ஊ-வை அம்மம்மா சொன்னார்: "ஊர்ப்பெயர் சொல்லி அழ எங்களுக்கு ஆளில்லை." ஔ-வில் எல்லோரும் திகைத்து நின்றோம். கடைசியில் நர்ஸ் அக்கா சொன்ன வரிதான் இன்றும் என் நாவில் இருக்கிறது: "ஔடதம் கேட்கவில்லை ஆண்டவரே, எங்கள் அருகே இரும், அது போதும்."

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பாத்திரத்தில் கடல்நீர் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் கை நனைத்து, இழந்தவர் பெயரைச் சொல்வது என் யோசனை. தர்ப்பணம் போலத் தோன்றும் என்று சிலர் தயங்கினார்கள். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது நம் மரபில் இல்லையே என்ற கேள்வியும் வந்தது. நேர்மையான தயக்கம் என்பதால் ஆயர் அதை ஒதுக்கவில்லை. நீர் பிரசங்க பீடத்தின் முன் கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் அகல் ஏற்றிப் பெயரைச் சொல்வோம், இறந்தவர்களை நன்றியோடு நினைப்போம், மன்றாட்டு உயிரோடு இருப்பவர்களுக்காக என்று முடிவு செய்தார். அது நல்ல முடிவு. கை நனைத்திருந்தால் வெளியே நின்றிருக்கக்கூடியவர்களும் அகலோடு முன்னால் வந்தார்கள்.

அன்று மாலை கீபோர்டு இல்லை, ஒலிபெருக்கியும் குறைவு. பன்னிரண்டு வரியைப் பன்னிரண்டு பேர், இருந்த இடத்திலிருந்தே எழுந்து வாசித்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் "ஆண்டவரே, எங்கள் கூப்பிடுதலைக் கேளும்" என்று சபை சொன்னது. பிறகு பெயர்கள். சீனிவாசபுரம், மருதங்கேணி, முல்லைத்தீவு, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கமிட்டிப் பெரியவரும் எழுந்து வந்தார். கொரோனாவில் போன தன் தம்பியின் பெயரைச் சொன்னார். சுனாமியில் இறந்தவர்களுக்கு மட்டும்தானே என்று யாரும் கேட்கவில்லை. பிரசங்கம் வைக்கவில்லை. கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம், அவ்வளவுதான். முடிந்தும் வெகுநேரம் யாரும் பைக் சாவியைத் தேடவில்லை.

2025-லும் அதே நாளில் நடத்தினோம். இந்த முறை பழைய வரிகளில் பாதியை மாற்றி எழுதச் சொன்னோம், ஏனென்றால் துக்கமும் வருடத்துக்கு வருடம் ஒன்றாக இருப்பதில்லை. எழுத வந்தவர்களில் எங்களுக்குத் தெரியாத முகங்கள் இருந்தன. அதில் ஒருவர் போரூரில் தையல் கடை வைத்திருக்கிற கிளிநொச்சிக்காரர்.

இப்போது 2026 மார்ச் 6-க்கான வேலை நடக்கிறது. இந்த வருட உலக ஜெப தின வழிபாட்டை எழுதியவர்கள் நைஜீரியப் பெண்கள். "பாரம் சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற மத்தேயு 11-ஆம் அதிகாரப் பகுதி. கூட்டத்தை வழக்கம்போல் காலை பத்தரைக்கு வைக்கலாம் என்று அறிக்கை தயாராகிவிட்டது. சீனிவாசபுரத்து அக்கா அதைப் பார்த்துவிட்டு, வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள் என்று கேட்டார். நேரத்தை மாலை ஆறரைக்கு மாற்றியிருக்கிறோம். முதல் வேதபாடம் அவர்தான் வாசிக்கிறார்.